பெல்ட் போட்டால் யார் கட்டிக்குவா?

காலை நடை முடிந்து காந்தி பூங்காவில் நாங்கள் ஐந்தாறு பேர் உட்காரும் சிமெண்ட் பெஞ்சில் போன வாரம் ஒரு பேச்சு வந்தது. நண்பர் ஒருவரின் பேத்திக்கு வயது 12. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது, பெல்ட் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நண்பர் புலம்பினார்: "பொம்பளைப் புள்ளை சார். நாள் முழுக்கப் பெல்ட்டைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சா ஊர் என்ன பேசும்? நாளைக்கு யார் கட்டிக்குவா? வயசுக்கு வந்தா தானா நிமிந்துடும்னு வீட்டுல சொல்றாங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் எண்ணெய் தேய்த்து நீவிவிடச் சொன்னார். இன்னொருவர் கம்பியைப் பிடித்துத் தொங்கச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் என் மேலேயே கோபம் வந்தது. ஏனென்றால் மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தைகளை, ஏறக்குறைய இதே வரிசையில், நான் என் வீட்டில் சொன்னேன். அதற்கான விலையை என் பேத்தி கொடுத்தாள். அன்று பெஞ்சில் பேசாததை இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இது கூன் அல்ல. கூன் என்பது முதுகு முன்பக்கமாக வளைவது. இது முதுகெலும்பு இடம் வலமாக வளைந்து, கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்வது. ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். பத்து வயதுக்கு மேல், பிள்ளைகள் மளமளவென்று வளரும் பருவத்தில்தான் பெரும்பாலும் தலைகாட்டும். நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு 10 டிகிரிக்கு மேல் வளைவு இருக்கும். அவர்களில் பலருக்கு அது அப்படியே நின்றுவிடும், ஒன்றும் செய்ய வேண்டாம். சிலருக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏறுவது பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். புத்தகப் பை தூக்கியதால் வருவதில்லை. கோணலாக உட்கார்ந்ததாலும் வருவதில்லை. கால்சியம் குறைந்ததாலும் இல்லை. காரணம் இன்னும் முழுசாகத் தெரியவில்லை. ஆனால் குடும்ப வழியாக வருவதுண்டு என்பது தெரியும். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

நான் நில அளவைத் துறையில் 34 வருஷம் வேலை பார்த்தவன். வாழ்நாள் முழுக்கக் கோணம் அளந்தவன். ஒரு கல் ஒரு சாண் நகர்ந்திருந்தாலும் கண்ணில் படும் என்று மார்தட்டியவன். அப்படிப்பட்டவன் கண்ணில் என் பேத்தியின் முதுகு படவில்லை. பார்த்தவர் எங்கள் தெரு தையல்காரர். எட்டாம் வகுப்பு யூனிஃபார்முக்கு அளவெடுத்தபோது என் மருமகளிடம் சொன்னாராம்: "அம்மா, பாப்பாவுக்கு வலது தோள் ஒரு விரக்கடை தூக்கியிருக்கு. போன வருஷம் இப்படி இல்லை. டாக்டர்கிட்ட காமிங்க."

காட்டினோம். முதல் எக்ஸ்ரேயில் 27 டிகிரி. டாக்டர் என்னிடம் படத்தைக் காட்டியே விளக்கினார். வளைவின் மேல் முனையில் அதிகம் சாய்ந்த எலும்புக்கு ஒரு கோடு, கீழ் முனையில் அதிகம் சாய்ந்த எலும்புக்கு ஒரு கோடு, இரண்டுக்கும் இடையில் உள்ள கோணம். 1948-இல் கோப் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிவைத்த முறை. எனக்கா புரியாது? நன்றாகவே புரிந்தது. இடுப்பெலும்பின் மேல் விளிம்பைக் காட்டி, வளர்ச்சி முடிந்தவர்களுக்கு அங்கே ஒரு தனி எலும்புப் பட்டை தெரியும், இவளுக்கு அது தொடங்கவே இல்லை, ஆகவே இன்னும் நிறைய வளர வேண்டியிருக்கிறது என்றார். 25 டிகிரியைத் தாண்டிவிட்டது, வளர்ச்சியும் பாக்கி இருக்கிறது, ஆகவே பெல்ட் போட வேண்டும் என்றார்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?"

மகன் என்னைப் பார்த்தான். நான் "இல்லை" என்றேன்.

பொய். என் தங்கைக்கு இருந்தது. இருக்கிறது.

என் தங்கை பதினாலு வயதில் இருந்தே வலது தோளை மறைத்துத் தாவணி போடப் பழக்கப்பட்டவள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. புகைப்படம் என்றால் இடது பக்கம் நின்றுதான். 1981-இல் பெண் பார்க்க வந்தபோது பட்டுப்புடவையை இரண்டு தோளிலும் போர்த்தி உட்கார வைத்தார்கள். நிச்சயதார்த்தம் வரை போனது. யாரோ போய்ச் சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் "மறைச்சு வச்சு ஏமாத்தப் பாத்தீங்களே" என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். முதுகு வளைந்திருக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. மறைத்தீர்கள் என்றுதான் சொன்னார்கள். எங்கள் அப்பா அதிலிருந்து கற்ற பாடம், இன்னும் நன்றாக மறைக்க வேண்டும் என்பது. நான் கற்றதும் அதேதான் போலிருக்கிறது. இல்லாவிட்டால் நாற்பது வருஷம் கழித்து, மருமகள் பக்கத்தில் இருக்கிறாள், சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு டாக்டரிடம் பொய் சொல்வேனா?

அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் வைத்தியம் மாறியிருக்காது. ஆனால் அந்த உண்மை எங்கள் வீட்டில் சாதாரணப் பேச்சாக இருந்திருந்தால், பேத்திக்குப் பத்து வயது ஆனதுமே வருஷம் ஒருமுறை முதுகைப் பார்த்திருப்போம். தையல்காரர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியிருக்காது. மறைத்தது தங்கையின் கல்யாணத்தையும் காப்பாற்றவில்லை, பேத்தியின் முதுகையும் காப்பாற்றவில்லை.

இதோடு நான் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து, "ஆறு மாசம் பாப்போம், அதுக்குள்ள என்ன குடி முழுகிப்போச்சு" என்று தீர்ப்புச் சொன்னேன். பெரியவர் சொல்லைத் தட்டாத வீடு என்ற பெருமை வேறு. வாரம் இரண்டு நாள் எண்ணெய் போட்டு நீவினார்கள். மாடிக் கம்பியில் தொங்கினாள். மருந்துக் கடையில் விற்கும் எலாஸ்டிக் தோள் பட்டை ஒன்றை வாங்கி வந்து, "இதுவும் பெல்ட்தானே" என்று நானே மாட்டிவிட்டேன். ஏழு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் 36 டிகிரி.

27-க்கும் 36-க்கும் நடுவில் உள்ள அந்த 9 டிகிரி என் கையெழுத்து.

தங்கை அன்று ராத்திரி போன் செய்தாள். எப்போதும் என்னை எதிர்த்துப் பேசாதவள். "அண்ணே, அன்னிக்கு அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது, நம்ம ஊர்ல வைத்தியமும் இல்லை. உங்களுக்குத் தெரியும், வைத்தியமும் இருக்கு. அப்புறம் ஏன் அந்தப் புள்ளையையும் புடவையால மூடப் பாக்குறீங்க?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. மறுவாரமே திருச்சிக்குப் போய் அளவு கொடுத்தோம்.

இனி என் வாதம்.

பெல்ட் என்ற சொல்லே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். மருந்துக் கடையில் அளவு பார்த்து எடுக்கும் இடுப்புப் பட்டையும், நிமிர்ந்து உட்காரச் சொல்லி விற்கும் தோள் பட்டையும் இதற்கு உதவாது. டாக்டர் சொல்வது கெட்டியான பிளாஸ்டிக்கில், அந்தப் பிள்ளையின் உடம்பை அளந்து, எக்ஸ்ரேயைப் பார்த்துச் செய்யும் கூடு. வளைவு புடைத்திருக்கும் இடத்தில் உள்ளே பஞ்சு மெத்தை வைத்து அழுத்தும்; எதிர்ப்பக்கம் உடம்பு நகர இடம் விட்டிருக்கும். நம் பக்கத்து வாழைத் தோப்புகளில் தார் விட்ட மரத்துக்குச் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். எந்தப் பக்கம் சாய்கிறதோ அங்கே முட்டு. மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டு முட்டுக் கொடுத்தேன் என்று சொல்ல முடியுமா?

"பெல்ட் போட்டால் மட்டும் நிமிர்ந்துவிடுமா?" என்று கேட்கிறார்கள். நிமிராது. நிமிர்த்துவேன் என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் அவரிடம் போகாதீர்கள். வளர்ச்சி முடியும் வரை வளைவு ஏறாமல் பிடித்துவைப்பதுதான் அதன் வேலை. 45, 50 டிகிரியைத் தாண்டினால் அறுவை சிகிச்சைப் பேச்சு வந்துவிடும். முதுகெலும்பில் திருகாணியும் கம்பியும் வைத்து, அந்தப் பகுதி எலும்புகளை ஒன்றாக இணைத்துவிடுவார்கள். அதன்பின் அந்தப் பகுதி வளையாது. தேவைப்பட்டவர்களுக்கு அது நல்ல வைத்தியம்தான், பயமுறுத்தவில்லை. ஆனால் தவிர்க்க முடிந்ததைத் தவிர்ப்பதுதானே புத்தி? அவ்வளவு பெரிய வளைவோடு விட்டால், வளர்ச்சி நின்ற பிறகும் அது வருஷத்துக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் ஏறக்கூடும்.

"இது வேலை செய்யும் என்பதற்கு என்ன நிச்சயம்?" நியாயமான கேள்வி. டாக்டர்களுக்குள்ளேயே வெகுகாலம் இந்தச் சந்தேகம் இருந்தது. 1940-களில் அமெரிக்காவில் மில்வாக்கி பிரேஸ் வந்தது. கழுத்து வரை இரும்புச் சட்டம். 1970-களில் அக்குளுக்குக் கீழே நிற்கும் பாஸ்டன் பிரேஸ் வந்தது. பிள்ளைகளை இவ்வளவு பாடுபடுத்துகிறோமே, பலன் உண்டா என்று சரியாகச் சோதித்துப் பார்க்க அயோவா பல்கலைக்கழகத்தின் வெயின்ஸ்டீனும் டோலனும் முன்நின்று ஓர் ஆய்வு நடத்தினார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவமனைகள். 10 முதல் 15 வயது வரையிலான 242 பிள்ளைகள், 20 முதல் 40 டிகிரி வரை வளைவு. ஒரு பகுதியினருக்குத் தினம் குறைந்தது 18 மணி நேரம் பிரேஸ். மற்றவர்களுக்கு வெறும் கண்காணிப்பு. 2013-இல் முடிவு வெளிவந்தது. வளர்ச்சி முடியும்போது 50 டிகிரியைத் தொடாமல் தப்பியவர்கள், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம். போடாதவர்களில் 48 சதவீதம். பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். பிரேஸுக்குள் வெப்பத்தைப் பதியும் சின்னக் கருவி வைத்து, பிள்ளைகள் உண்மையில் எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்று பார்த்தார்கள். தினம் சராசரி 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தப்பினார்கள். ஆறு மணி நேரத்துக்குள் போட்டவர்கள், போடாதவர்களைவிட ஒன்றும் மேலாக இல்லை. "பெல்ட் வாங்கிக் கொடுத்தோம் சார், ஒண்ணும் பலன் இல்லை" என்று சொல்பவர்களை நான் கேட்கிறேன்: எத்தனை மணி நேரம் போட்டாள்? விருந்தாளி வந்தால் கழற்று, கல்யாணத்துக்குப் போனால் கழற்று, சம்பந்தி வந்தால் அலமாரியில் வை என்று சொன்னது யார்?

"போடாதவர்களிலும் பாதிப் பேர் தப்பினார்களே" என்று கணக்குத் தெரிந்தவர் கேட்பார். உண்மை. ஆனால் உங்கள் பேத்தி எந்தப் பாதி என்று இன்றைக்கு யார் சொல்வது? தெரிந்து கொள்வதற்குள் வளர்ச்சி முடிந்துவிடும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஐந்தில் வளைந்தது ஐம்பதில் நிமிருமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகள் மிக வேகமாக வளர்வது வயதுக்கு வருவதற்குச் சற்று முன்னால்தான். ஆகவே, "வயசுக்கு வரட்டும், பாப்போம்" என்பது, வெள்ளம் வடியட்டும் கரையை அடைப்போம் என்பது போல.

"உங்கள் தங்கை நன்றாகத்தானே இருக்கிறார்?" இதையும் கேட்டார்கள். இருக்கிறாள். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கூட வேலை செய்தவர், முதுகைப் பற்றி எல்லாம் தெரிந்தே அவளைக் கட்டிக்கொண்டார். சிகிச்சையே பெறாதவர்களை ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனித்து 2003-இல் அதே அயோவாவில் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் வேலை, குடும்பம் என்று நன்றாகவே வாழ்ந்தார்கள், முதுகுவலி மற்றவர்களைவிட அதிகம். ஆகவே வளைந்த முதுகோடு வாழ முடியாது என்று நான் சொல்லவே இல்லை. யாரும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டியதில்லை. ஆனால் தடுக்க முடிந்த வலியை, ஊர் வாய்க்குப் பயந்து ஒரு பிள்ளை தலையில் கட்டுவதற்கு நமக்கு உரிமை கிடையாது. "யார் கட்டிக்குவா" என்ற கேள்விக்கும் பதில் என் தங்கையே. மறைத்தபோது நின்றது, மறைக்காதபோது நடந்தது.

அடுத்தது பள்ளிக்கூடங்கள். பேத்தியின் பள்ளி பெயரைச் சொல்ல மாட்டேன். பிரேஸ் போட்டுக்கொண்டு போன முதல் மாதம், ஆண்டு விழா நடனத்தில் அவளைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். பார்க்க நன்றாக இருக்காதாம். நான் போய், "அந்தப் புள்ளை தினம் 18 மணி நேரம் செய்யற காரியத்தை நீங்க ஒரு மணி நேரம் செஞ்சு காட்டுங்க, அப்புறம் வரிசையைப் பத்திப் பேசலாம்" என்றேன். முன்வரிசை கிடைத்தது. ஆனால் தாத்தா சண்டை போட வராத பிள்ளைகள் எத்தனை பேர் பின்வரிசையில் நிற்கிறார்கள்?

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் டாக்டர் குழு அரசுப் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறது. 30 குறைபாடுகள் பட்டியலில் உண்டு. பிறவியில் பாதம் திரும்பியிருப்பது உண்டு, பல் சொத்தை உண்டு, கண் பார்வை உண்டு. வளரும் பிள்ளையின் முதுகு வளைவு இல்லை. இதற்கு மெஷின் வேண்டாம். இரண்டு கையையும் சேர்த்துக் குனியச் சொல்லி, பின்னால் இருந்து முதுகின் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1865-லேயே சொன்ன சோதனை. ஒரு பிள்ளைக்கு அரை நிமிஷம்.

எல்லாப் பள்ளியிலும் சோதிப்பது வீண் செலவு, இல்லாதவர்களுக்கும் எக்ஸ்ரே எடுக்க நேரிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2004-இல் வேண்டாம் என்றே சொன்னது. பிரேஸ் ஆய்வு வந்த பிறகு, 2018-இல் அந்த "வேண்டாம்" என்பதை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் சொல்லச் சான்று போதவில்லை என்றது. அங்குள்ள எலும்பு மருத்துவர் சங்கங்களும் குழந்தை மருத்துவர் சங்கமும், பெண்களை 10 வயதிலும் 12 வயதிலும், பையன்களை 13 அல்லது 14 வயதில் ஒரு முறையும் பார்க்கச் சொல்கின்றன. ஏற்கெனவே பள்ளிக்கு வந்து நிற்கும் டாக்டர், பெண் பிள்ளைகளுக்குப் பெண் டாக்டர், கூட அரை நிமிஷம் செலவழிப்பதில் என்ன நஷ்டம்? எங்கள் பிரேஸுக்கு 38,000 ரூபாய் ஆனது. வளர வளர இன்னொன்றும் செய்ய வேண்டி வந்தது. என் பென்ஷன் தாங்கியது. கூலி வேலை செய்கிறவர் என்ன செய்வார்? செயற்கைக் கால் இலவசமாகக் கொடுக்கும் அரசு, இதையும் மாவட்ட மருத்துவமனையில் கொடுக்கட்டும். இது கருணை அல்ல. பிற்பாடு ஆகும் ஆபரேஷன் செலவை மிச்சம் பிடிக்கும் கணக்கு.

வீட்டில் பெல்ட் போடும் பிள்ளை இருப்பவர்களுக்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது: உள்ளே தையல் இல்லாத பருத்தி பனியன், சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட வேண்டும். மே மாத வெயிலில் இரண்டு மூன்று தடவை பனியன் மாற்ற வேண்டும். தோலில் எண்ணெயோ களிம்போ தடவினால் தோல் இளகிப் புண்ணாகும். சப்பணமிட்டுச் சாப்பிட முடியாது, மேஜை நாற்காலி போடுங்கள். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் ஒரு நாற்காலிக் கழிப்பறை வாங்குங்கள். சுடிதார் ஒரு அளவு பெரிதாகத் தையுங்கள். விளையாட்டுக்கும் குளியலுக்கும் கழற்றலாம். உடற்பயிற்சியை டாக்டரைக் கேட்டுத் தாராளமாகச் செய்யட்டும். பெல்ட்டுக்குப் பதிலாக அல்ல, பெல்ட்டோடு. முதல் இரண்டு வாரம் அழுவாள். அப்போது "பாவம், கழட்டிடு கண்ணு" என்று சொல்லும் முதல் ஆள் பெரும்பாலும் நாமாகத்தான் இருப்போம். வாயைக் கட்டுங்கள்.

பேத்திக்கு இப்போது பதினாறு நடக்கிறது. போன மாத எக்ஸ்ரேயில் 37 டிகிரி. இடுப்பெலும்பில் அந்தப் பட்டை ஏறக்குறைய முழுசாகத் தெரிகிறது. பெல்ட் நேரத்தைக் குறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரே ஒரு டிகிரிதான் ஏறியது. இனியும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் வீணாக்கிய ஏழு மாதம் இல்லாவிட்டால் அந்த எண் 37 ஆக இருந்திருக்க வேண்டியதில்லை. அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க தாத்தா, அத்தைப் பாட்டி மாதிரி எனக்கும் இருக்கு, அவ்ளோதான்" என்றாள். எங்கள் வீட்டில் நாற்பது வருஷம் யாரும் உரக்கச் சொல்லாத வாக்கியம் அது.

இந்த வாரம் பேரன் பேத்திகள் வந்தால் குனியச் சொல்லிப் பாருங்கள். தோள், இடுப்பு மடிப்பு, பாவாடை ஓரம் மூன்றும் சமமா என்று பாருங்கள். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது முதுகு வளைவு இருந்திருந்தால் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். நாளைக் காலை பெஞ்சில் நண்பரிடம் நான் சொல்லப் போகிறேன். முதலில் என் தங்கையைப் பற்றி, அப்புறம் அந்த 9 டிகிரியைப் பற்றி.